பிரேக் மிதி ஆழமாகப் போகிறதா? வண்டி சொல்வதைக் கேளுங்கள்



நம் கூட்டமைப்பில் வண்டி வைத்திருக்கும் குழுக்கள் கூடிவிட்டன. காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டி, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வேன், வாடகைக் கார், ஆட்டோ என்று கடன் எடுத்து வாங்கியிருக்கிறோம். நம் பெண்களே லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள். தவணை, இன்சூரன்ஸ், டீசல் செலவு எல்லாம் கூட்டத்தில் பேசுகிறோம். பிரேக்கைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது பிடிக்கிற வரைக்கும் யாருக்கும் அந்த ஞாபகமே வருவதில்லை.

இந்த மாதம் அதைப் பேசுவோம். காரணம், எங்கள் பகுதியில் நடந்த ஒரு சம்பவம்.

நடந்தது என்ன?

ஒரு குழுவின் லோடு வண்டியை அந்தக் குழு உறுப்பினர் ஒருவரே ஓட்டுகிறார். விடியற்காலையில் கத்தரிக்காய், தக்காளி ஏற்றிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போவார். ஒரு மாதமாகவே பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் மிதி ஆழமாகப் போயிருக்கிறது. இரண்டாவது தடவை மிதித்தால் பிடித்திருக்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சொன்னதற்கு, "ஆயில் கம்மியா இருக்கு, ஊத்தி விட்டாச்சு, ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை ஆயில் ஊற்றியாயிற்று.

ஒரு நாள் ஏரிக்கரை இறக்கத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மிதித்தார். மிதி தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்ததில் பாதிப் பிடிப்புதான் கிடைத்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பக்கத்தில் உழுது போட்டிருந்த நிலத்தில் வண்டியை இறக்கி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. நான்கு பெட்டித் தக்காளி போயிற்று.

அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது: "மொத வாரமே தெரிஞ்சுது மேடம். ஆனா 'பொம்பள ஓட்டுனா இப்படித்தான், பிரேக் மிதிக்கத் தெரியல'ன்னு சொல்லிருவாங்கன்னு வாயத் தெறக்கல. ரெண்டு நாள் வண்டி நின்னா வாடகை போயிடுமேன்னும் பயம்."

சகோதரிகளே, இந்தப் பயம்தான் பெரிய ஆபத்து. மிதி ஆழமாகப் போவது ஓட்டுபவரின் குறை அல்ல, வண்டியின் குறை. அதை நாமே சோதித்து, சரியான வார்த்தையில் சொல்லத் தெரிந்துவிட்டால் யாரும் நம்மை வாயடைக்க முடியாது. நான் மெக்கானிக் இல்லை. அந்த வண்டியைப் பிரித்து வேலை செய்த இரண்டு நாளும் அந்தச் சகோதரியோடு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

மருந்து ஏற்றும் ஊசிக் குழாயில் (ஊசியைக் கழற்றிவிட்டு) தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் அழுத்திப் பாருங்கள். அசையாது. கொஞ்சம் காற்று விட்டு அதையே செய்யுங்கள். மெத்தை மாதிரி அமுங்கும். தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். பிரேக்கின் ரகசியம் இவ்வளவுதான்.

நாம் மிதிக்கும்போது அந்த அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர் என்ற குழாய்க்குள் போகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் மெல்லிய பைப் வழியாக நான்கு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. பெரும்பாலான சின்ன வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் டிரம். டிஸ்க்கை இரண்டு பேடுகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும. டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூ விரிந்து உள்பக்கத்தில் உரசும். நம் கால் பலம் மட்டும் போதாது என்று இன்ஜினின் உறிஞ்சு விசையால் உதவி செய்யும் பெரிய வட்டமான டப்பாவுக்குப் பூஸ்டர் என்று பெயர்.

கார், வேன், சின்ன லோடு வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆட்டோவிலும் பிரேக் ஆயில்தான், ஆனால் பெரும்பாலும் பூஸ்டர் இருக்காது. பெரிய லாரி, பஸ்ஸில் காற்றழுத்த பிரேக். அது வேறு கதை.

இன்னொரு முக்கிய விஷயம். கார், வேன்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறை உண்டு. ஒரு பக்கம் ஆயில் ஒழுகிப் போனாலும் மறு பக்கத்துச் சக்கரங்கள் பிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் போய்விட்டால் மிதி ஆழமாகப் போகும், பாதிப் பிடிப்புதான் இருக்கும். ஏரிக்கரையில் அந்தச் சகோதரிக்குக் கிடைத்த பாதிப் பிடிப்பு அதுதான். ஆகவே "இன்னும் பிடிக்குதே" என்று ஓட்டாதீர்கள். மிச்சமிருக்கும் பாதியில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.

வண்டி நின்ற இடத்தில் செய்யும் சோதனை

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

1. முதலில் மிதிக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் பாட்டில் உருண்டு கிடக்கிறதா, கால்மிதி விரிப்பு மடங்கிக் கிடக்கிறதா? சிரிக்காதீர்கள், இதனாலேயே விபத்து நடக்கும். அடுத்து பிரேக் ஆயில் டப்பா. அதில் மின், மேக்ஸ் என்று இரண்டு கோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும்.

2. மிதியை ஐந்தாறு தடவை மிதித்து விடுங்கள். பூஸ்டரில் உள்ள உறிஞ்சு விசை தீர்ந்து மிதி கெட்டியாகும். இப்போது மிதித்தால் பாதிக்கு மேலேயே கல்லு மாதிரி நிற்க வேண்டும். மெத்தை மாதிரி அமுங்கினால் குறை.

3. ஒரு நிமிடம் காலை எடுத்துவிட்டு, ஒரு தடவை மிதித்து மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். உடனே விட்டு, மறுபடி மிதியுங்கள். இரண்டாவது தடவை நன்றாக மேலேயே நிற்கிறதா? வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

4. நன்றாக அழுத்தி, அப்படியே ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். மிதி நின்ற இடத்திலேயே நிற்கிறதா, மெள்ள மெள்ளக் கீழே இறங்குகிறதா?

5. மிதியை அழுத்திக்கொண்டே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். இது குறை இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பலர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். இறங்காமல் கல்லாகவே இருந்தால் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

பார்த்ததற்கு என்ன அர்த்தம்?

மெத்தை மாதிரி அமுங்குகிறது: ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது. இல்லையென்றால் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழசாகி, மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்புகிறது. "ஏர் எடுத்தா சரியாயிடும்" என்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் காற்று தானாக உள்ளே போகாது. ஆயில் டப்பா வற்றியதா, எங்காவது கசிகிறதா, முன்பு பிரேக் வேலை செய்தபோது சரியாக ஏர் எடுக்காமல் விட்டார்களா என்று கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஏர் எடுத்தால் மறுபடி அதே கதைதான்.

முதல் மிதி ஆழம், இரண்டாவது மிதி மேலே வந்து கெட்டியாக நிற்கிறது: பெரும்பாலும் பின் சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்து, இடைவெளி கூடிவிட்டது. ஷூ ரொம்ப தூரம் விரிந்த பிறகுதான் டிரம்மைத் தொடுகிறது. தேயத் தேய இடைவெளியைத் தானாகவே சரிசெய்யும் அட்ஜஸ்டர் சில வண்டிகளில் துருப்பிடித்து நின்றுவிடும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டி நின்ற இடத்திலேயே ஹேண்ட் பிரேக்கை இன்னும் இரண்டு மூன்று பல் இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். மிதி மேலே வந்துவிட்டால் குறை பின் டிரம்மில் என்று சந்தேகப்படலாம். சக்கர பேரிங் ஆடினாலும் குண்டுகுழி ரோட்டில் போன பிறகு முதல் மிதி ஆழமாகப் போகும். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்திப் பிடித்தால் மெள்ள இறங்குகிறது: இதைத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும். ஆயில் குறைகிறது என்றால் எங்கோ வெளியே ஒழுகுகிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா, பைப் இணைப்பு ஈரமா, மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் ஈரமா என்று பாருங்கள். சில சமயம் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே ஒழுகி வெளியே தெரியாது. ஆயில் குறையவே இல்லை, மிதி மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. இந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

சாதாரணமாக நல்லா இருக்கு, மலை இறங்கும்போது மட்டும் மிதி உள்ளே போகுது: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு இந்தக் கணக்கு 230, 155. கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிடும். ஆவி அமுங்கும், மிதி தரைக்குப் போகும். கீழே வந்து ஆறிய பிறகு மெக்கானிக் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். "உங்களுக்குத்தான் பிரமை" என்பார். பிரமை இல்லை, ஆயில் பழசு. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்ற பழக்கம் இதற்காகத்தான்.

புது ஷூ, புது பேடு போட்ட உடனே: முதல் இரண்டு மூன்று மிதி ஆழமாகப் போவது இயல்பு. ஆகவே பிரேக் வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் கியர் போட வேண்டும். இதை மறந்து ஒர்க்‌ஷாப் சுவரில் மோதியவர்கள் உண்டு.

"ஆயில் ஊத்தியாச்சு" என்பது ரிப்பேர் அல்ல

நம் குழுப் பெட்டியில் கையிருப்பு 200 ரூபாய் குறைந்தால் என்ன செய்வோம்? கையிலிருந்து 200 ரூபாய் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டுப் போவோமா? எங்கே போயிற்று என்று நோட்டைப் புரட்டுவோம் அல்லவா? பிரேக் ஆயிலும் அப்படித்தான். பேடு தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில் இறங்குவது இயல்பு. வாரா வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அந்த லோடு வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றியபோது டிரம்முக்குள் ஷூ முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டிருந்தது. மூன்று தடவை ஊற்றிய ஆயிலும் அங்கேதான் போயிருக்கிறது. ஆயில் பட்ட ஷூ பிடிக்காது. துடைத்துப் போடவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆயில் விஷயத்தில் இன்னும் சில:
- டப்பா மூடியில் அல்லது வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதையே வாங்குங்கள்.
- இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் அதில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பி வீணாகிவிடும். மொத்த செட்டையும் மாற்ற வேண்டி வரும்.
- சீல் உடைக்காத புது டப்பாவைத்தான் உபயோகிக்க வேண்டும். மாதக் கணக்கில் திறந்து வைத்த ஆயில் ஈரம் ஏறியிருக்கும்.
- வண்டிப் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மொத்த ஆயிலையும் மாற்றுங்கள். பல வண்டிகளுக்கு 2 ஆண்டு.
- இது விஷம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டிப் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"பிரேக் சரியில்லண்ணே" என்று சொன்னால் ஆயில் ஊற்றி அனுப்பிவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, மொத மிதி ஆழமாப் போகுது, ரெண்டாவது மிதி மேல வருது. அழுத்திப் புடிச்சா ஒரு நிமிஷத்துல கீழ எறங்குது. ஒரு மாசத்துல மூணு தடவ ஆயில் ஊத்தியிருக்கு. பின்னாடி இடது சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருக்கு. கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இப்படிப் பேசினால் அவரும் பார்க்கும் விதம் மாறும். நல்ல மெக்கானிக்குக்கு இது உதவி. அவர் நேரமும் மிச்சம். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து ஆயில் மட்டத்தையும், கழற்றிய சக்கரத்தின் உள்பக்கத்தையும் மறுபடி பாருங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஏர் எடுக்கச் சில சமயம் கம்ப்யூட்டர் கருவி தேவைப்படும். அது இருக்கும் இடத்துக்கே போங்கள்.

ஓடும்போது மிதி தரைக்குப் போனால்?

1. மிதியை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். கொஞ்சம் பிடிப்பு வரலாம்.
2. ஒவ்வொன்றாகக் கியரைக் குறையுங்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.
3. ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி திரும்பிக்கொள்ளும்.
4. ஹாரன் அடியுங்கள், நான்கு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள்.
5. மேடு, மணல், உழுத நிலம் பார்த்து இறக்குங்கள்.
6. வண்டி நிற்கும் வரை சாவியைத் திருப்பி எடுக்காதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

குழுவின் பொறுப்பு

ஓட்டுபவர் மட்டும் இதைச் சுமக்கக் கூடாது. வண்டி குழுவுடையது, கடனும் குழுவுடையது, பொறுப்பும் குழுவுடையதுதான். "எஃப்.சி. போன மாசம்தானே எடுத்தோம்" என்று சொல்லாதீர்கள். எஃப்.சி. அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லும். அடுத்த வாரம் ரப்பர் கிழிந்தால் அதற்குத் தெரியாது.

அந்தக் குழு இப்போது தீர்மான நோட்டில் மூன்று தீர்மானம் எழுதியிருக்கிறது. ஒன்று, ஓட்டும் உறுப்பினர் "பிரேக்ல சந்தேகம்" என்று சொன்னால் அன்றைக்கு வண்டி நிற்கும். வாடகை போயிற்று என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டு, வாடகை வருமானத்தில் ஒரு பகுதி பராமரிப்புக்கு என்று தனியாகச் சேரும். மூன்று, வண்டி நோட்டில் வாரம் ஒரு தடவை ஆயில் மட்டமும், மிதியை அழுத்திய நிலையில் தரைக்கும் மிதிக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்பதும் எழுத வேண்டும். போன வாரம் நாலு விரல், இந்த வாரம் மூணு விரல் என்றால் வண்டி பேச ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சகோதரி இப்போதும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். போன வாரம் என்னைப் பார்த்தபோது, "மேடம், இப்பல்லாம் ஒர்க்‌ஷாப்ல நான் பேசுறத நின்னு கேக்குறாங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:
- நம் குழு வண்டியின் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினோம்?
- ஓட்டும் சகோதரி குறை சொன்னால் நாம் எப்படிக் கேட்கிறோம்?
- வண்டி இல்லாத குழுவா? பிள்ளைகள் போகும் வேன் ஓட்டுநரிடம் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறோமா?

தோழமையுடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்